தூண்டிற்காரனும் பொய்யறி கருவியும்

கையிலிருந்து நழுவிய மீன் நாளுக்கு நாள் வளரும் என்று நம் தோட்டத்து மக்கள் நகைப்பதுண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மெர்போக் ஆற்றங்கரையில் தூண்டிலோடு அமர்ந்தவன், மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்பினாலும், தப்பிப்போன மீனின் நீளத்தை இரு கைகளையும் விரித்துக் காட்டாமல் இருப்பதில்லை. இப்பொய்யால் எவருக்கும் இழப்பில்லை. கேட்பவரும் பொய்யென்று அறிந்தே சிரித்துக் கேட்பர். ஆனால், மீனுக்குப் பரிசு என்று அறிவித்து, நுழைவுக் கட்டணம் பெற்று, கரையில் தராசு ஒன்றைத் தொங்கவிட்டால் அந்தச் சிரிப்பு மறைந்துவிடுகிறது. சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் காசு கட்டி மீன் பிடிக்கும் குளங்களில் நடைபெறும் போட்டிகளைக் கண்டவர்கள் இதனை அறிவர். 'அந்த மீன் இந்தக் குளத்து மீன்தானா?' என்ற முணுமுணுப்பு ஏதேனும் ஒரு மூலையில் எழாமல் பரிசளிப்பு முடிவதில்லை.

இச்சிக்கலுக்கு அமெரிக்க நாட்டார் ஒரு விந்தையான வழியை மேற்கொண்டுள்ளனர். பெரும்பரிசு வென்றவனைத் தனியறையில் நாற்காலியில் அமர்த்துகின்றனர். மார்பிலும் வயிற்றிலும் இரப்பர்க் குழாய்களைச் சுற்றி, புயத்தில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, விரல் நுனிகளில் மின்தகடுகளைப் பொருத்தி, 'விதிப்படிதான் மீன் பிடித்தாயா?' என்று வினவுகின்றனர். அவன் வாய் கூறும் விடையை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. பொறி வரையும் கோடுகளையே நோக்குகின்றனர். அங்குள்ள மீன்பிடிப் போட்டிகள் பலவற்றின் விதித்தாளிலேயே இச்சோதனை இடம்பெற்றுள்ளது. இது நம் நாட்டுக்கும் வரலாம். வருமுன் அதன் தன்மையை ஆராய்ந்து வைப்பது நன்று.

முதலில், இச்சோதனை நீதிமன்றப் படியேறிய வரலாற்றைக் காண்போம். மேரிலாந்து மாநிலத்தில் ஓசன் சிட்டி என்னும் கடற்கரை நகரில் 1974 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் 'ஒயிட் மார்லின் ஓப்பன்' என்ற போட்டி நடந்துவருகிறது. மார்லின் என்பது ஈட்டி போல நீண்ட மூக்குடைய ஆழ்கடல் மீன். 2016-ஆம் ஆண்டுப் போட்டியில், பரிசுக்குரிய 70 இராத்தல் எடையைத் தாண்டிய வெள்ளை மார்லின் ஒன்றே ஒன்றுதான் கரைக்கு வந்தது. அதன் எடை 76.5 இராத்தல். பரிசுத்தொகையோ 28 இலட்சம் டாலருக்கு மேல். ஒரு மீனுக்கு இவ்வளவா என்று வியக்க வேண்டா; படகுக்காரர்கள் கட்டும் பந்தயப் பணம் எல்லாம் திரண்டு அப்படி ஆகிவிடுகிறது.

அப்போட்டியில் காலை 8:30 மணிக்கு முன் தூண்டிலைக் கடலில் இடக்கூடாது என்பது விதி. வென்றவரும் அவர் படகின் பணியாளரும் பொய்யறி சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். அவர்கள் விடைகளில் பொய் தென்படுகிறது என்று சோதகர்கள் அறிவித்தனர். போட்டி நடத்தியோர் பரிசைக் கொடுக்கவுமில்லை, தாமே வைத்துக்கொள்ளவுமில்லை. பணத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து 'உரியவர் யார் என்று நீரே கூறும்' என்று கேட்டுக்கொண்டனர். 2017-இல் கூட்டாட்சி நீதிபதி ரிச்சர்டு பென்னட்டு பல நாள் விசாரணைக்குப் பின், வென்றதாகக் கூறியவருக்குப் பரிசில்லை என்று தீர்ப்பளித்தார். 2018-இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதி செய்தது. பணம் ஏனைய பிரிவுகளில் வென்றவர்களுக்குப் போயிற்று.

இத்தீர்ப்பைக் கேட்டதும் 'கருவி வென்றது' என்று எண்ணத் தோன்றும். கூர்ந்து நோக்கினால் அவ்வாறில்லை. 'சோதனையில் தேறுவேன்' என்ற உடன்பாட்டில் கையொப்பமிட்டே அவர் போட்டியில் சேர்ந்தார். அந்த உடன்பாடு நிறைவேறவில்லை என்பது தீர்ப்பின் ஒரு கால். தூண்டில் இடப்பட்ட நேரத்தைப் பற்றிய வேறு சான்றுகளையும் மன்றம் கேட்டது என்பது மற்றொரு கால். கருவியின் தாள் ஒன்றையே நம்பி அது நிற்கவில்லை. நம் ஊர்க் குளக்கரையில் போட்டி நடத்துவோரிடம் வழக்கறிஞர் படையும் இல்லை, பல நாள் விசாரணைக்கு நேரமும் இல்லை. அவர்கள் கையில் மிஞ்சுவது கருவியின் தாள் மட்டுமே.

இனிக் கருவியின் வரலாறு. இதனைப் பாலிகிராப் என்பர். பல வரைவு என்பது அதன் பொருள். அப்பெயரில் தவறில்லை. மக்கள் வழக்கில் உள்ள 'லை டிடெக்டர்' என்னும் பெயர்தான் உள்ளதை மிகுத்துக் கூறுகிறது. 1914-இல் விட்டோரியோ பெனுசி என்பவர் மூச்சின் போக்கிலிருந்து பொய்யை அறிய முயன்றார். அதற்கு அடுத்த ஆண்டில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் மார்ஸ்டன் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தார். 1921-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவல்துறையில் பணியாற்றிய ஜான் லார்சன், மூச்சையும் குருதி ஓட்டத்தையும் ஒருங்கே தொடர்ந்து பதியும் பொறியை அமைத்தார். பின்னர் இலியனார்டு கீலர் தோலின் வியர்வையால் மாறும் மின்கடத்து தன்மையையும் அதனோடு சேர்த்தார். 1923-இலேயே வாசிங்டன் நகர மேல்முறையீட்டு மன்றம் மார்ஸ்டனின் சோதனையைச் சான்றாக ஏற்க மறுத்துவிட்டது. மார்ஸ்டன் மனந்தளரவில்லை. பிற்காலத்தில் 'ஒண்டர் உமன்' என்னும் சித்திரக்கதைத் தலைவியைப் படைத்தவர் அவரே. அவள் கையில் ஒரு கயிறு உண்டு. அதில் கட்டுண்டவர் உண்மையே பேசுவர்! நீதிமன்றம் மறுத்ததைக் கதைப்புத்தகம் ஏற்றுக்கொண்டது போலும்.

சோதனையின் உள்முறையையும் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் வேண்டும். மூவகை வினாக்கள் கேட்கப்படும். 'இன்று என்ன கிழமை?' போன்றவை ஒருவகை. அவற்றால் எவர் நெஞ்சும் துடியாது. 'வேறிடத்தில் வாங்கிய மீனை நிறுவைக்குக் கொண்டுவந்தாயா?' என்பது போன்ற நேர்வினா மற்றொரு வகை. இவற்றிற்கிடையே, 'உன்னை நம்பியவரிடம் எப்போதேனும் பொய் கூறியதுண்டா?' என்பது போன்ற ஒப்பு வினா ஒன்றும் கேட்கப்படும். எவரும் சற்றே தடுமாறும் வினா இது. குற்றமற்றவன் ஒப்பு வினாவிற்கு மிகுதியாக அசைவான் என்றும், குற்றவாளி நேர்வினாவிற்கு மிகுதியாக அசைவான் என்றும் சோதகர் கொள்கின்றனர். கட்டடம் முழுவதும் இந்த ஓர் ஊகத்தின்மீதே எழுப்பப்பட்டுள்ளது. ஆண்டு முழுதும் உழைத்து முதன்முறையாகப் பெரும்பரிசு ஒன்றை வென்ற நேர்மையாளன், 'நீ ஏமாற்றினாயா?' என்று கேட்கப்படும்போது நெஞ்சு படபடக்காமல் இருப்பானா? பரிசு, மானம் இரண்டும் போய்விடுமோ என்ற கலக்கம் அவனுக்கு நேர்வினாவில்தானே எழும்?

ஈண்டுத் தொல்காப்பியர் நமக்குத் துணைநிற்கிறார். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் வகைகளை மெய்ப்பாட்டியலில் அவர் தொகுத்துள்ளார். எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறிய பின், அவற்றின் வேறாக முப்பத்திரண்டைச் சொல்கிறார். அப்பட்டியலில் உயிர்ப்பு உண்டு, வியர்த்தல் உண்டு, நடுக்கு உண்டு. அமெரிக்கப் பொறி அளப்பவற்றுள் மூச்சும் வியர்வையும் அப்படியே அங்குள்ளன. ஆயினும் பொய் என்று ஒரு மெய்ப்பாடு அப்பட்டியலில் இல்லை. இது தற்செயல் அன்று எனக் கருதுகிறேன். அச்சத்துக்கு மெய்ப்பாடு உண்டு, நாணத்துக்கு உண்டு, ஐயத்துக்கு உண்டு. பொய்க்கெனத் தனியே ஓர் உடற்குறி இல்லை. பொய்யன் அஞ்சினால் அச்சத்தின் குறி தோன்றும்; அஞ்சாவிட்டால் எதுவும் தோன்றாது. மெய்யன் அஞ்சினாலும் அதே குறிதான் தோன்றும்.

அச்சம் பிறக்கும் இடங்களையும் அவர் நான்காக வகுக்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்பது இங்கே தன்னை ஆள்பவனைக் குறிக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்த நான்காவது அச்சத்தைப் பற்றி எந்த உரையாசிரியரும் விளக்க வேண்டியதில்லை. துரையின் மோட்டார் சைக்கிள் ஓசை கேட்டதும் எந்தக் குற்றமும் செய்யாதவன் கையும் சற்றே நடுங்கிய காலம் ஒன்று இருந்தது.

என் சிறுவயதில், பீடோங் அருகே நாங்கள் இருந்த தோட்டத்தில் நிகழ்ந்த ஒன்று இன்றும் கண்முன் நிற்கிறது. ஸ்டோரில் வைத்திருந்த ஒட்டுப்பால் மூட்டை ஒன்றைக் காணவில்லை. காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி வினவினார்கள். எவரும் அறியோம் என்றனர். பின்னர் மாரியம்மன் கோயிலுக்கு முன் வரிசையாக நிற்கவைத்து, எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். ஒவ்வொருவராக அணைத்தனர். எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் தனியே இருந்த பாட்டி ஒருவர் முறை வந்தது. கை கற்பூரத்தருகே போகும், திரும்பும். உடல் முழுவதும் நடுங்கிற்று. முகத்தில் வியர்வை வழிந்தது.

"ஏன் பாட்டி நடுங்குறே? மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?" என்றார் கிராணி.

"அம்மா முன்னால ஏத்துன நெருப்ப அணைக்கச் சொல்றீங்களே ஐயா" என்றார் பாட்டி. அவர் குரல் அதற்குமேல் எழவில்லை.

யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆயினும் மாலைக்குள் லயம் முழுவதும் தீர்ப்பு எழுதி முடிந்திருந்தது. தண்ணீர்க் குழாயடியில் அவர் வந்தால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்தினர். ஒரு வாரத்தில் அவர் மூட்டை கட்டிக்கொண்டு லூனாசில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அணங்கினால் வந்த அச்சத்தைக் களவின் குறியாக நாங்கள் படித்தோம். மின்தகடும் இரத்தப் பட்டையும் அன்று எங்களிடம் இல்லை. இருந்திருந்தால் அவையும் அதையேதான் வரைந்திருக்கும்.

இது ஒருவர் கதை. எண்களைக் கொண்டும் இதனை நிறுவலாம். அமெரிக்க நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றம், ஸ்டீபன் பைன்பெர்க் என்னும் புள்ளியியல் அறிஞர் தலைமையில் குழு அமைத்து இக்கருவியை ஆராய்ந்து, 2003-இல் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு கணக்கு உண்டு. 10,000 பேர் பணிபுரியும் இடத்தில் 10 பேர் ஒற்றர் என்க. அவர்களுள் 8 பேரையேனும் பிடித்துவிடும் அளவுக்குக் கருவியைக் கடுமையாக அமைத்தால், சோதனையில் தவறுவோர் 1,606 பேர். அவர்களுள் ஒற்றர் 8, குற்றமற்றோர் 1,598. கருவி சுட்டும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவரே உண்மைக் குற்றவாளி. எஞ்சிய 2 ஒற்றர் தேறிவிட்ட பெருமையோடு வெளியே நடப்பர்!

இதனை வகுப்பறைக் கரும்பலகைக்கு ஏற்ப மீன்பிடிப் போட்டியாக மாற்றிக் காட்டலாம். பல போட்டிகளில் வென்றவர் 20 பேர். ஒருவனே ஏமாற்றுக்காரன் என்று வைத்துக்கொள்வோம். கருவி நூற்றுக்கு 85 முறை சரியாகக் கூறும் என்று தாராளமாகவே கொடுப்போம். நேர்மையாளர் 19 பேரில் நூற்றுக்கு 15 வீதம், ஏறத்தாழ 3 பேர், பொய்யர் என்று பெயர் பெறுவர். ஆகக் கள்ளன் ஒருவனுக்காகப் பழி சுமப்போர் மூவர். நூற்றுக்கு 85 மதிப்பெண் என்றால் பள்ளியில் நாம் மெச்சுவோம். அதுவே தராசாக இருந்தால் எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான்.

கள்ளன் தப்புவது எவ்வளவு எளிது என்பதும் நோக்கத்தக்கது. ஒப்பு வினாவின்போது நாக்கைக் கடித்துக்கொண்டாலோ, மனத்துக்குள் கடினமான கணக்கொன்றைப் போட்டாலோ அங்கே கோடு உயரும். நேர்வினாவின் கோடு அதற்குமுன் சிறுத்துத் தோன்றும். அமெரிக்க உளவுத்துறையில் இருந்துகொண்டே சோவியத்து நாட்டுக்கு மறைபொருள்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்சு, 1986-இலும் 1991-இலும் இச்சோதனையில் தேறியவர். இதற்கு மறுதலையாக ஒகாயோ மாநிலத்தில் ஒருவர் கதை உண்டு. 1978-இல் அவர்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. 'சோதனையில் தேறினால் வழக்கை விடுகிறோம். தவறினால் அது சான்றாகும்' என்றனர். தாம் குற்றமற்றவர் என்ற துணிவில் அவர் கையொப்பமிட்டார்; தவறினார்; சிறை சென்றார். உண்மைக் குற்றவாளிகள் அகப்பட்ட பின் 1980-இல் விடுதலையானார். சிறையில் இருந்த காலத்தில், தம் குற்றத்தைத் தம்மிடம் ஒப்புக்கொண்ட கைதிகள் 27 பேருக்குச் சிறிது நேரப் பயிற்சி அளித்தார். அவர்களுள் 23 பேர் பொய்யறி சோதனையில் தேறிவிட்டனர். மெய்யர் வீழ, பொய்யர் 23 பேர் வென்றனர். மீன்பிடிப் போட்டியின் நுழைவுத்தாளில் கையொப்பமிடுவோரும் இவரைப் போன்ற துணிவில்தான் இடுகின்றனர்.

கருவிக்குச் சார்பாகவும் ஒன்று சொல்லவேண்டும். கடல் பரந்தது, படகில் இருப்போரைத் தவிர வேறு சாட்சி இல்லை, சோதனை உண்டென்ற அச்சமே பலரைத் தடுத்துவிடும் என்பர். இது முற்றும் பொய்யன்று. நாம் தொடக்கப்பள்ளியில் சொல்லும் கதை ஒன்று உண்டு. களவு ஐயத்துக்குரிய வேலைக்காரர்களிடம் ஒரே அளவுள்ள குச்சிகளைக் கொடுத்து, 'கள்ளன் குச்சி இரவில் ஒரு விரல் வளரும்' என்பார் நீதிபதி. கள்ளன் அஞ்சித் தன் குச்சியில் ஒரு விரலை வெட்டிவிடுவான். காலையில் குட்டைக் குச்சி அவனைக் காட்டிக்கொடுக்கும். பொய்யறி கருவி சில வேளைகளில் பயன்படுவதும் இவ்வாறே. பொறியைக் கண்ட மாத்திரத்தில் சிலர் குற்றத்தை ஒப்புக்கொள்கின்றனர். ஆனால் அந்தக் குச்சி குற்றமற்றவனைக் காட்டிக்கொடுக்காது. அதனை நம்பிய மற்றவர்கள் நிம்மதியாக உறங்கினர். மேலும், குச்சி வளராது என்று அறிந்தவனிடம் அவ்வித்தை செல்லாது. கருவியின் குறைகளை யார் வேண்டுமானாலும் படித்தறியும் காலம் இது.

இந்திய உச்ச நீதிமன்றம் இப்பொருளில் 2010 மே 5-ஆம் நாள் அளித்த தீர்ப்பைத் தமிழர் அறிந்திருத்தல் நலம். செல்வி என்னும் தமிழ்ப்பெயரே அவ்வழக்கின் தலைப்பில் நிற்கிறது. எதிர்த்தரப்பு கருநாடக மாநில அரசு. தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருட்டிணன் உள்ளிட்ட மூவர் அமர்வு, ஒருவரை அவர் இசைவின்றிப் பொய்யறி சோதனைக்கோ, மயக்க மருந்து விசாரணைக்கோ, மூளை அலைச் சோதனைக்கோ உட்படுத்தல் கூடாது என்று தீர்ப்பளித்தது. தனக்கெதிராகத் தானே சான்று கூறுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் அரசியல் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. வாய் மூடியிருக்கும் உரிமை உடையவனின் வியர்வையைப் பேசவைத்தாலும் அது வற்புறுத்தலே என்பது கருத்து. இசைந்து செய்துகொண்டாலும் சோதனையின் முடிவே சான்றாகிவிடாது என்றும் அம்மன்றம் கூறிற்று. அந்த இசைவும் நடுவர் முன்னிலையில், வழக்கறிஞர் துணையோடு பதியப்பட வேண்டும் என்பது தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் வகுத்த நெறி.

கொலைக்குற்றம் சாட்டப்பட்டவனுக்கு இவ்வளவு காவல் இருக்க, மீன் பிடித்தவனுக்கு நுழைவுத்தாளின் அடியில் உள்ள பொடியெழுத்து ஒன்றே இசைவாகிவிடுகிறது. விளையாட்டுத்தானே என்று இதனைத் தள்ளிவிடலாகாது. அமெரிக்காவில் முன்பு கடைச் சிப்பந்திகளையும் தொழிலாளர்களையும் முதலாளிகள் இக்கருவியில் அமர்த்திவந்தனர். 1988-இல் சட்டம் இயற்றியே தனியார் நிறுவனங்களில் பெரும்பாலானவற்றை அதிலிருந்து தடுக்க வேண்டியதாயிற்று. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் இன்று கூலிம், சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். குளக்கரையில் வேடிக்கையாகப் பழகிய நாற்காலி, பண்டகசாலையில் ஒரு பெட்டி குறைந்த அன்று அங்கும் வந்து நிற்கலாம்.

அப்படியாயின் ஏமாற்றுக்காரனை எவ்வாறு பிடிப்பது? விடை 2022 செப்டம்பர் 30-ஆம் நாள், ஒகாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், ஈரி ஏரிக்கரையில் கிடைத்தது. அங்கு வால்ஐ எனப்படும் நன்னீர் மீனுக்கான போட்டி. இருவர் கூட்டாகக் கொண்டுவந்த 5 மீன்கள் கண்ணுக்கு 20 இராத்தல் அளவே தோன்றின. தராசோ 34 இராத்தலை ஒட்டிக் காட்டிற்று. போட்டித் தலைவர் மீனைத் தடவிப் பார்த்தார். உள்ளே கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. கத்தியை எடுத்து வயிற்றைக் கிழித்தார். ஈயக் குண்டுகள் உருண்டு விழுந்தன. வேறு மீன்களின் சதைத் துண்டுகளும் வெளிவந்தன. 28,000 டாலருக்கு மேற்பட்ட பரிசு அவர்கள் கைக்கு எட்டாமல் நின்றது. 2023-இல் இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்; 10 நாள் சிறை, மீன்பிடி உரிமம் 3 ஆண்டு நிறுத்தம், படகும் பறிமுதல். அங்கே எவர் மார்பிலும் குழாய் சுற்றவில்லை. எவர் நாடியும் பார்க்கப்படவில்லை. தராசும் கத்தியும் போதுமாயின.

சிலப்பதிகாரத்தை மாணாக்கர்க்குக் கற்பிப்போர்க்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது. கோவலன் கொலையுண்ட வரலாற்றை நினைக்க. ஆங்கே ஆளைப் பார்த்தே தீர்ப்பு முடிந்தது. இவன் முகக்குறி கள்வன் குறி அன்று என்று காவலருள் நல்லோர் கருதினர். கள்வர்க்குரிய சூழ்ச்சிகளை அடுக்கிப் பொற்கொல்லன் அவர் வாயை அடைத்தான். குடிவெறியன் ஒருவன் வாளை வீசினான். முகத்தைச் சரியாகப் படித்தவர்களும் அங்கிருந்தனர். ஆனால் அவர்களால் அவனைக் காக்க முடியவில்லை என்பதை மறத்தலாகாது. கையில் இருந்த சிலம்பை எவரும் திறந்து பார்க்கவில்லை. கண்ணகி அவைக்கு வந்தபோது தன் கணவனின் நற்பண்பை விரித்து வாதாடவில்லை. தன் கண்ணீரையும் சான்றாகக் காட்டவில்லை. உன் தேவியின் சிலம்பில் உள்ள பரல் யாது என்ற ஒன்றே கேள்வி. முத்து என்றான் மன்னன். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. அந்தப் பரலுக்கு அச்சமும் இல்லை, நாணமும் இல்லை. மீன் வயிற்று ஈயத்துக்கும் அவ்வாறே.

நம் தோட்டங்களிலும் இம்முறை ஒருகாலத்தில் நாள்தோறும் நடந்ததை மூத்தோர் அறிவர். பால் வாளியில் தண்ணீர் கலந்து எடையைக் கூட்டுவோர் இருந்தனர். ஒட்டுப்பாலில் மண்ணும் கல்லும் வைப்போரும் இருந்தனர். அதற்காக மரம் வெட்டும் ஒவ்வொருவரின் நெஞ்சையும் எவரும் சோதிக்கவில்லை. நிறுவை மேசையில் 'மெட்ரோலாக்' என்னும் மிதவைக் கோல் இருக்கும். அதனைப் பாலில் மிதக்கவிட்டால், உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்பதை அதன் தண்டில் உள்ள கோடு காட்டும். கலப்பில்லாத பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு ரப்பர் இருப்பது வழக்கம். அளவு குறைந்தால் உடனே திருடன் என்று முடிவு கட்டுவதற்கில்லை. மழை பெய்திருக்கலாம், மரம் ஓய்வின்றி வெட்டப்பட்டிருக்கலாம். கோலின் அளவில் ஐயம் எழுந்தால், ஒரு சிறு பாத்திரத்தில் பாலை எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, தகடாக நசுக்கி, உலர்த்தி நிறுத்துப் பார்க்கலாம். கிராணி தவறாக எழுதினாலும் அதே பாலைக் கொண்டு அவரையும் மடக்கலாம். பொய்யறி கருவிக்கு இப்படி ஒரு மறுசோதனை இல்லை. அது ஒருவனைப் பொய்யன் என்று சொன்னால், உறையவைத்து உலர்த்தி நிறுத்துப் பார்க்க நம்மிடம் வேறென்ன இருக்கிறது?

ஆகவே கெடாவில் போட்டி நடத்துவோர் கருவிக்குச் செலவிடும் பணத்தைக் கத்திக்கும் தராசுக்கும் செலவிடலாம். குளத்தில் விடும் பரிசு மீனின் துடுப்பில் எண் பொறித்த பட்டை ஒன்றைப் பூட்டிவிட்டால், சந்தையில் வாங்கிய மீன் அங்கே நுழையாது. ஆற்றங்கரையாயின் ஒருவருக்கொருவர் அறியாத இருவரை அருகருகே அமர்த்துவது நன்று. நிறுவைக்கு வரும் மீன் எல்லோர் கண்முன்னும் தடவிப் பார்க்கப்பட வேண்டும். பரிசுக்குரிய மீனின் வயிறு பரிசளிக்குமுன் கிழிக்கப்பட வேண்டும். விரால் பிடித்தவன் அதனை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே என்று வருந்தலாம். எப்படியும் மாலையில் குழம்புக்குத்தானே போகப்போகிறது!

மேலே கூறிய ஒட்டுப்பால் மூட்டையின் கதையை நான் முடிக்கவில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது, நிறுவைப் புத்தகத்தின் வேறொரு பக்கத்தில் அது இருந்தது. லாரிக்காரர் அதனை அடுத்த டிவிஷன் மூட்டைகளோடு ஏற்றிப் போயிருந்தார். எடை சரியாகவே அங்கே பதியப்பட்டிருந்தது. எவரும் திருடவில்லை. கிராணியே லூனாசுக்கு ஆள் அனுப்பினார். பாட்டி திரும்பி வரவில்லை.